ஒரு நீளமான சொல்லுக்காகத் தாதிமையை விட வேண்டாம்

அன்புள்ள அம்மா,

தாதிமை (நர்சிங்) பட்டயப் படிப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்கள் மகள் வணிகப் படிப்புக்கு மாற நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். வகுப்பில் ஒரு சொல்லை வாசிக்கத் திணறினாளாம், நாலு பேர் சிரித்தார்களாம். மாற வேண்டாம். சனிக்கிழமை அவளோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தச் சொல் ஸ்ஃபிக்மோமனாமிட்டர். வார்டில் எல்லாரும் பிபி செட் என்கிற, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிதான். கிரேக்கத்தில் ஸ்ஃபிக்மோஸ் என்றால் நாடித்துடிப்பு, மெட்ரோன் என்றால் அளவு. நடுவில் உள்ள ‘மனோ’தான் நம் பிள்ளைகளைக் குழப்பும். மனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மானோஸ் என்றால் அடர்த்தி குறைந்தது. அதிலிருந்துதான் வாயுவின் அழுத்தம் அளக்கும் மனோமீட்டருக்குப் பெயர் வந்தது.

பொருளைப் பிரித்ததும் அவளுக்குத் தெளிவு வந்தது, ஆனால் வாய் இன்னும் தடுமாறியது. ‘கடலலை’யைப் பிரி என்றேன். கடல் + அலை என்றாள். அசை பிரி என்றதும், “கட, லலை. நிரை, நிரை” என்று சட்டென்று வந்தது. இங்கேயும் அதேதான். பொருள் மனோ + மீட்டர் என்று பிரியும். நாக்கு ம-னாம்-இ-டர் என்று போகும். தாளில் பென்சிலால் ஆறு துண்டாகக் கோடு போட்டாள்: ஸ்ஃபிக்-மோ-ம-னாம்-இ-டர். மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னவள், ‘னாம்’ வரும்போது மட்டும் ஓங்கித் தட்டினாள். நாலைந்து முறையில் சரளமாகிவிட்டது.

ஓங்கித் தட்டிய அந்த ஒலியழுத்தம் பின்னாலிருந்து மூன்றாவது அசையில் விழுகிறது. தர்-மாம்-இ-டர், ஆஃப்-தல்-மா-ல-ஜி (கண் மருத்துவம்), அ-பென்-டெக்-ட-மி (குடல்வாலை வெட்டியெடுத்தல்) எல்லாம் அப்படித்தான். இப்படி முடியும் மருத்துவச் சொற்கள் பலவற்றுக்கு இந்த ஒரு பழக்கம் கைகொடுக்கும். சந்தேகம் வந்தால் அகராதியின் ஒலிப்பதிவைக் கேட்கட்டும்.

மூன்றாண்டு படித்து, தாதியர் வாரியத்தில் பதிந்து வேலைக்குப் போகும்போது, வார்டில் ஒரு தமிழ்ப் பாட்டிக்கு இதையெல்லாம் தமிழில் விளக்க அவளைப் போன்ற பிள்ளைகள் தேவை. உச்சரிப்புக்குப் பயந்து அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு ‘கோலிசிஸ்டெக்டமி’யைக் கொடுத்திருக்கிறேன். பித்தம், பை, வெட்டியெடுத்தல் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. வீட்டில் அவள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தால் தடுக்காதீர்கள்.