சென்னைக்குப் பக்கத்தில் செஸ்னாவை எங்கே நிறுத்துவது?

கேள்வி: சென்னை அண்ணா நகரில் வசிக்கிறேன், சொந்தத் தொழில். வெளிநாட்டில் எடுத்த தனியார் பைலட் உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றிக்கொண்டேன். நாலு பேர் உட்காரும் பழைய செஸ்னா 172 ஒன்றை வாங்கப் பேசிவருகிறேன். எங்கே நிறுத்துவது என்பதில்தான் குழப்பம். மீனம்பாக்கமா, புதுச்சேரியா, அல்லது நகரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய ஒரு தனியார் ஓடுதளமா? மூன்றாவதைக் காட்டியது ஒரு தரகர். ஓடுதளம் நல்ல நீளம். ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், இடம் பிடித்து வைக்க முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். விமானத்துக்கும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அதையும் தள்ளிப்போடுங்கள். முதலில் விமானம், பிறகு இடம் என்று போனவர்களின் விமானங்கள்தான் ஏதோ ஒரு மூலையில் டயர் இறங்கி, எஞ்சின் மூடிக்குள் குருவி கூடு கட்டி நிற்கின்றன.

ஓடுதளத்தின் நீளத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எரிபொருளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தரகர்களுக்குப் பிடித்த வாடிக்கையாளர் இப்படித்தான் இருப்பார். கடல் மட்டத்தை ஒட்டிய நம் ஊரில், சித்திரை வெயிலில், முழு எடையோடு கிளம்பினாலும் 50 அடி உயரத் தடையைத் தாண்டி மேலேற உங்கள் விமானத்துக்கு ஏறக்குறைய 600 மீட்டர் போதும். 1,000 மீட்டர் இருந்தால் நிம்மதி. ஓசூர், பெங்களூரு ஜக்கூர் போல 3,000 அடி உயரத்தில் இருக்கும் தளம் என்றால் கணக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். அது உங்கள் பிரச்சினை இல்லை. ஆகவே நீளத்தை விட்டுவிடுங்கள்.

எரிபொருளுக்கு வருகிறேன். செஸ்னா 172 குடிப்பது ஏவ்கேஸ் 100எல்எல் என்ற நீல நிற விமானப் பெட்ரோல். மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்களுக்கு லாரியில் வந்து ஊற்றுகிறார்களே, அது ஜெட் எரிபொருள், மண்ணெண்ணெய் வகை. அது உங்கள் டேங்கில் விழுந்தால் ஓடுதளம் தாண்டியதும் எஞ்சின் நிற்கும். ஏவ்கேஸ் வெகுகாலம் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் தன் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து வெளியிட்டது. இன்றும் பெரும்பாலும் பீப்பாயில்தான் கைக்கு வரும். வாங்குபவர்களில் முக்கியமானவை பைலட் பயிற்சிப் பள்ளிகள். எனவே பள்ளி நடக்கும் தளத்தில் பெட்ரோல் இருக்கும், உரிமம் பெற்ற பராமரிப்பு எஞ்சினியரும் இருப்பார். பள்ளி இல்லாத இடத்தில் இரண்டையும் நீங்களேதான் கொண்டுவர வேண்டும்.

“அதுக்கென்ன சார், ரெண்டு பீப்பாய் வாங்கி ஷெட்ல வச்சிக்கலாம்” என்பார் தரகர். பெட்ரோலியச் சட்டப்படி இந்த வகை எரிபொருளை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம். உங்கள் விமானம் மணிக்கு 35 லிட்டர் குடிக்கும். ஒரு மணி நேரம் பறக்கவே அது காணாது. 200 லிட்டர் பீப்பாயை உரிமம் இல்லாத கூரைக்கு அடியில் உருட்டி வைத்துவிட்டு, நாளை ஒரு தீப்பொறி பட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்த உரிமத்தைத்தான். தரகர் அன்றைக்கு போனை எடுக்க மாட்டார்.

இன்னொரு வசனமும் வரும்: “சின்ன ரோட்டாக்ஸ் எஞ்சின் விமானமா வாங்கிடுங்க, பங்க் பெட்ரோலே போதும்.” ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் அனுமதிப்பது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். நம் பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் கலந்தது. அதோடு பேச்சு முடிந்தது.

இதற்கெல்லாம் ஒரே விலக்கு டீசல் எஞ்சின் விமானம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தேர்வையே இது மாற்றிவிடக்கூடும். டயமண்ட் டிஏ40 என்ஜி போன்ற விமானங்களில் இருக்கும் ஆஸ்ட்ரோ எஞ்சின் ஜெட் எரிபொருளில் ஓடும். ஜெட் எரிபொருள் விற்கும் எந்த விமான நிலையத்திலும் ஊற்றிக்கொள்ளலாம். பீப்பாய், ஷெட், உரிமம் என்ற தலைவலி இல்லை. மணிக்குக் குடிப்பதும் குறைவு. ஆனால் விலை உங்கள் பழைய செஸ்னாவைப் போலப் பல மடங்கு. அந்த எஞ்சினைத் தொட்டு வேலை பார்க்க அதற்கான அங்கீகாரம் உள்ள எஞ்சினியர் வேண்டும். செஸ்னாவின் லைகமிங் எஞ்சினுக்குக் கிடைப்பது போல எங்கேயும் கிடைக்க மாட்டார். எஞ்சினை நடத்துவது கணினி, ஆகவே மின்சாரம் போனால் கதை வேறு. இன்னொரு சங்கதி: பழைய செஸ்னா 172-லேயே டீசல் எஞ்சின் மாற்றிப் பொருத்தியவையும் சந்தைக்கு வருகின்றன. “இதுவும் 172 தான், ஜெட் பெட்ரோல்ல ஓடும்” என்று விற்பார்கள். அந்த மாற்றத்துக்கான சான்றிதழை விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ ஏற்றுக்கொண்டதற்கான கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். அப்படி ஒன்றை வாங்கினால், டேங்க் மூடிக்குப் பக்கத்தில் எந்த எரிபொருள் என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊற்ற வருகிற பையன் இறக்கையைப் பார்த்து “செஸ்னாதானே” என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இனி உங்கள் மூன்று இடங்கள்.

மீனம்பாக்கம் சட்டப்படி மூடிய கதவு இல்லை. ஆனால் பெரிய விமானத்தின் பின்னால் எழும் காற்றுச் சுழல் உங்களுடையதைக் கவிழ்த்துவிடும் என்பதால், பெருவிமானம் ஒன்றுக்குப் பின்னால் இறங்கும்போது டவர் உங்களுக்கு 6 கடல் மைல் இடைவெளி தர வேண்டும். அந்த இடைவெளியில் இன்னொரு பயணி விமானத்தை இறக்கிவிடலாம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆக நீங்கள் காத்திருப்பீர்கள், எஞ்சின் சூடாக, பெட்ரோல் எரிய. உள்ளே போக பாஸ், வெளியே வர பாஸ், எஞ்சினியருக்குத் தனிப் பாஸ். இதில் தரைச் சேவை முகவர் ஒருவர் முளைப்பார். கைப்பிடியைப் பிடித்து இரண்டு பேர் தள்ளிவிடக்கூடிய விமானத்துக்கு இழுவை வண்டி, ஏணி, பேருந்து என்று பில் போடுவார். எது கட்டாயம், எது விருப்பம் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்கு இந்தத் தொழிலில் மதிப்பில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்ததும், நிறுத்தியிருந்த விமானங்கள் தண்ணீரில் நின்றதும் நினைவிருக்கும். அடையாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்தவெளியில் நிறுத்துவதற்கு முன் யோசியுங்கள்.

புதுச்சேரி லாஸ்பேட்டை எனக்குப் பிடித்திருக்கிறது. 1,500 மீட்டர் ஓடுதளம், விமான நிலைய ஆணையத்தின் நிர்வாகம், கூட்டம் குறைவு. உப்புக்காற்று தாராளம், துரு பிடிக்கும், மாதாமாதம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கேட்டுக்கொள்ள வேண்டியது நேரம். சிறிய நிலையங்களில் டவர் குறிப்பிட்ட மணி நேரம்தான் இயங்கும். நோட்டாம் என்ற, பைலட்டுகளுக்கான அறிவிப்பில் அது 0130–1130 என்று போட்டிருந்தால் நள்ளிரவு ஒன்றரை என்று படித்துவிடாதீர்கள்; அது உலக நேரம். ஐந்தரை மணியைக் கூட்டினால் காலை 7 முதல் மாலை 5. கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியில்தான் நீங்கள் பறக்கப் போகிறீர்கள், இரவு உங்களுக்குக் கிடையாது. சனிக்கிழமை மாலை அண்ணா நகரிலிருந்து ஈசிஆரில் கிளம்பிப் போய்ச் சேருவதற்குள் டவர் விளக்கை அணைத்திருப்பார்கள்.

ஈசிஆரையே வழிகாட்டியாகப் பிடித்துக் கடற்கரையோரமாகச் சென்னைக்குப் பறக்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். நடுவில் கல்பாக்கம் இருக்கிறது, தடைசெய்யப்பட்ட வான்பகுதி. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. மேற்கே அரக்கோணத்தில் கடற்படை, நகரை ஒட்டித் தாம்பரத்தில் விமானப்படை. ஒவ்வொரு பயணத்துக்கும் பறப்புத் திட்டம் கொடுத்து எண் வாங்க வேண்டும், தளத்தை விட்டு வெளியே போக ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் என்ற வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும் வேண்டும். பறக்கும் நேரத்தைவிட போனில் இருக்கும் நேரம் அதிகம் என்று புலம்பாத பைலட் இங்கே கிடையாது. ஒரு சின்னச் சந்தேகத்துக்கு நான் எழுதிய கடிதத்தை ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அவர்கள் அதை முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள், எனக்கு நகலோடு.

கொழும்பு இரத்மலானையில் 1935 நவம்பரில் முதன்முதலாக இறங்கிய விமானம் எங்கிருந்து போனது தெரியுமா? மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பிலிருந்து. கொழும்புக்காரர் இன்றும் தன் சின்ன விமானத்தை ஊருக்குப் பக்கத்திலேயே இரத்மலானையில் நிறுத்துகிறார். பெங்களூருக்காரருக்கு ஜக்கூர் இருக்கிறது. சென்னைக்காரர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறார். பரந்தூர் வந்தால் மாறும் என்பவர்களிடம், அங்கே செஸ்னாவுக்கு எத்தனை சதுர அடி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது இடம், தரகரின் ஓடுதளம். ஊர்ப்பெயரை நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்தக் கதை பழசு. இரண்டாம் உலகப்போரில் போட்ட ஓடுதளங்கள் தமிழ்நாட்டில் நிறையக் கிடக்கின்றன: சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு. செயற்கைக்கோள் படத்தில் பளிச்சென்று தெரியும். சோழவரத்தில் கார் ரேஸே நடத்தினார்கள், நிலம் என்னவோ ராணுவத்துடையது. இப்படி ஒன்றைப் போனில் காட்டி “பேசி முடிச்சிட்டேன் சார்” என்பவர்கள் உண்டு. சொந்த நிலத்தில் தார் போட்டு ஓடுதளம் என்று சொல்பவர்களும் உண்டு. தார் போட யாரும் தடுக்க மாட்டார்கள். அதில் இறங்கி ஏறுவதுதான் வேறு விஷயம்.

அவரிடம் கேளுங்கள்: நிலப் பத்திரம் யார் பெயரில்? டிஜிசிஏவிடமிருந்து இந்தத் தளத்தைப் பற்றி வந்த கடிதம் எங்கே? பக்கத்து விமானப்படை அல்லது கடற்படைத் தளத்தின் ஆட்சேபமின்மைக் கடிதம் எங்கே? கடைசியாக இங்கே இறங்கிய விமானத்தின் பதிவெண் என்ன? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் கிளம்பிவிடுங்கள். ‘அப்ளை பண்ணியாச்சு’ என்பது அனுமதி இல்லை. விண்ணப்ப ரசீதை லேமினேட் செய்து சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

என் யோசனை புதுச்சேரி. ஆனால் மூன்று கடிதங்கள் கைக்கு வந்த பிறகு: நிறுத்துமிடமும் கட்டணமும் குறிப்பிட்டு நிலைய நிர்வாகத்திடமிருந்து ஒன்று, ஏவ்கேஸ் யார், எப்படித் தருவார், எங்கே வைப்பார் என்று ஒன்று, 50 மணி நேர, 100 மணி நேரச் சோதனைகளுக்கு அங்கேயே வந்து பார்க்க ஒப்புக்கொண்ட எஞ்சினியரிடமிருந்து ஒன்று. இதில் ஒன்று வரவில்லை என்றாலும் விமானத்தை வாங்காதீர்கள். பயிற்சிப் பள்ளி இயங்கும் தளம் ஒன்றுக்கு ரயிலில் போய், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பறந்துவிட்டு வாருங்கள். சேலம், கடப்பா இரண்டையும் விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கென்று தேர்ந்தெடுத்திருக்கிறது. விசாரிப்பதை அங்கிருந்து தொடங்கலாம். சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆன பிறகு வாடகைக் கணக்கு உங்களுக்கே பிடித்துப்போகும்.

கடிதங்கள் மூன்றும் வந்துவிட்டால், இன்சூரன்ஸ் பாலிசியில் நிறுத்துமிடமாகப் புதுச்சேரியின் பெயரையே போடச் சொல்லுங்கள். ஏஜெண்ட் ‘சென்னை’ என்று நிரப்பிவிடுவார், உங்கள் வீட்டு முகவரியைப் பார்த்து.