டேப் டான்ஸ் கற்கப் போகிறீர்களா? முதல் பணம் பலகைக்கு

கேள்வி: எனக்கு 44 வயது. சின்ன வயதில் பரதம் கற்றேன், கல்யாணத்தோடு நின்றுவிட்டது. யூடியூபில் டேப் டான்ஸ் பார்த்ததிலிருந்து அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. இந்த வயதில் தொடங்கலாமா? முதலில் என்ன வாங்க வேண்டும்? வீட்டில் எல்லாம் டைல்ஸ் தரை. (வாசகி, கும்பகோணம்)

தாராளமாகத் தொடங்கலாம். டேப் டான்ஸ் என்பது அடியில் உலோகத் தகடு பொருத்திய ஷூவால் தரையைத் தட்டி, தாளமாக ஒலி எழுப்பி ஆடும் நடனம். ஆரம்பப் பாடங்கள் எல்லாம் நடப்பது, ஷூவின் நுனியால் தரையை உரசுவது, உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது, அவ்வளவுதான். குதிப்பதெல்லாம் பிறகு வரும். மூட்டுவலி, எலும்புத் தேய்மானம் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இதையே சொல்வேன். மூடிய ஷூவுக்குள் கொப்புளம் வந்தால் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

வாங்கும் வரிசையைத்தான் பலர் தலைகீழாக்கிவிடுகிறார்கள். முதலில் ஷூவை ஆர்டர் செய்து, வந்த அன்றே ஹாலில் டைல்ஸ் மேல் தட்டிப் பார்ப்பார்கள். டைல்ஸுக்கு அடியில் இருப்பது கான்கிரீட். அது கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. ஒவ்வொரு தட்டும் அப்படியே கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் திரும்பி வரும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. வழவழப்பான டைல்ஸில் உலோகத் தகடு வழுக்கும், டைல்ஸும் கீறும். காவி போட்ட பழைய சிமெண்ட் தரையும் இப்படித்தான்.

அதனால் முதல் பணம் பலகைக்கு. ப்ளைவுட் 8-க்கு 4 அடி ஷீட்டாக வருகிறது. 18 மி.மீ. கனத்தில் ஒன்று வாங்கி நடுவில் அறுக்கச் சொன்னால் 4-க்கு 4 அடியில் இரண்டு பலகை கிடைக்கும். தொடங்குபவருக்கு ஒன்றே போதும். உடன் கற்கும் தோழி இருந்தால் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். விலை சதுர அடிக் கணக்கு, முழு ஷீட் 32 சதுர அடி. ஒரு கடையில் சதுர அடி விலையும் இன்னொரு கடையில் ஷீட் விலையும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையே ஈரம் கசியும். ஆகவே ஈரம் தாங்கும் மரைன் ப்ளை கேளுங்கள். அதில் ஐ.எஸ். 710 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 'இதுவும் வாட்டர்ப்ரூஃப்தான் மேடம்' என்று வாயால் சொல்வது போதாது. முத்திரையைப் பாருங்கள், பில்லிலும் அந்த வகையை எழுதி வாங்குங்கள்.

பலகைக்கு அடியில் ஜிம்மில் விரிக்கும் ரப்பர் பாய் போடுங்கள். மெத்தென்ற ஃபோம் வேண்டாம், பலகை ஆடிக் கணுக்கால் மடங்கும். மேலே சன்மைக்காவும் பாலிஷும் கூடவே கூடாது. ஆசாரி நல்லெண்ணத்தில் 'பளபளன்னு பண்ணித் தர்றேன்' என்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓரங்களுக்கு உப்புத்தாள் தேய்த்துத் தந்தால் போதும். பயிற்சி முடிந்ததும் பலகையைச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள்.

பரதம் கற்ற கால் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரதத்தின் அடிப்படை அசைவான தட்டடவில், முழங்காலை மடக்கிய அரைமண்டியில் இருந்து முழுப் பாதத்தையும் பலமாகத் தட்டிப் பழகியிருப்பீர்கள். டேப்பில் கணுக்கால் தளர்ந்திருக்க வேண்டும், எடை முன்பாதத்தில் நிற்கும், சத்தத்தை உலோகம் பார்த்துக்கொள்ளும். பரதத்தின் பலத்தோடு தட்டினால் காலும் வலிக்கும், பலகையும் தேயும். ஆனால் உங்களுக்குச் சொல்லுக்கட்டு, அதாவது தாளத்தை வாயால் சொல்லும் சொற்கோவை, தெரியும் என்பது பெரிய சொத்து. ஜாஸ் இசையின் ஸ்விங் நடை, அதாவது ஒன்று நீளமும் ஒன்று குறுக்கமுமாகத் துள்ளும் தாளம், புதியவர்களைத் திணறவைக்கும். நீங்கள் 'தகிட' சொல்லி நடு எழுத்தை மட்டும் விழுங்கிப் பாருங்கள், ஏறத்தாழ அந்த நடை வந்துவிடும். தஞ்சை நால்வர் என்ற நாட்டிய ஆசான்களான சகோதரர்கள் அடவுகளை முறைப்படுத்திய மண்ணில் வளர்ந்தவருக்குக் கணக்கு கைவசம் இருக்கிறது. புதிதாகக் கற்க வேண்டியது காலின் தளர்வைத்தான்.

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு டேப் டான்ஸ் கற்க ஆசைப்பட்டேன். பழைய ஷூவில் லாடம் அடித்துத் தருகிறேன் என்கிறார் தெரிந்த செருப்புத் தைப்பவர். அது போதுமா? ஆன்லைனில் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், தஞ்சாவூர்)

லாடம் வேண்டாம் சார். அது ஷூ தேயாமல் இருக்க ஆணியால் அடிக்கும் சின்ன இரும்பு. ஒலிக்காகச் செய்யப்பட்டதல்ல, வழுக்கவும் செய்யும். டேப் தகடு வேறு. ஒரு ஷூவுக்கு இரண்டு: முன்பாதத்தின் அகலத்துக்கு ஒன்று, குதிகாலுக்கு ஒன்று. பெரும்பாலும் அலுமினியக் கலவையில் இருக்கும், திருகாணியால் பொருத்தப்பட்டிருக்கும். உங்கள் பழைய ஷூவுக்கு லெதர் சோல் இருந்தால், தகடுகளைத் தனியாக வரவழைத்து அவரிடமே கொடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். ரப்பர் சோலில் இது சரிப்படாது.

ஆன்லைனில் வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். திருகாணி தெரிய வேண்டும். ஒட்டியதோ ஆணி அடித்ததோ தளர்ந்தால் இறுக்க வழியில்லை. அடிப்பக்கப் படமே போடாத விற்பனையாளரை விட்டுவிடுங்கள். அளவு விஷயத்தில் கவனம் தேவை. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் யு.கே. அளவு, கபேசியோ போன்ற அமெரிக்க நடன ஷூ நிறுவனங்கள் யு.எஸ். அளவு போடும். பெண்களுக்கான அளவில் இரண்டு எண் வரைக்கும் வித்தியாசம் வரும். மாலை நேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, காகிதத்தில் காலை வைத்துக் கோடு போட்டு சென்டிமீட்டரில் அளந்து அவர்கள் அட்டவணையோடு பொருத்துங்கள். காலமெல்லாம் செருப்பு போட்டுப் பரந்த பாதம் என்றால் அகல அளவு உள்ள மாடல் தேடுங்கள். குதிகால் கழன்று வரக் கூடாது. கொஞ்சம் லூஸ் இருந்தாலும் தட்டும் ஒலி இரண்டாகக் கேட்கும்.

பார்சல் வந்ததும் பாய் அல்லது ஜமுக்காளத்தின் மேல் மட்டும் போட்டு நடந்து பாருங்கள். தகட்டில் கீறல் விழுந்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கினால் சுங்க வரியும் கூரியர் கட்டணமும் விலையில் சேர்ந்ததா என்று முன்பே பாருங்கள். அளவு மாற்றத் திருப்பி அனுப்பும் செலவு ஷூ விலையைத் தொட்டுவிடும்.

கேள்வி: திருவாரூரில் டேப் டான்ஸ் சொல்லித்தர யாரும் இல்லை. ஆன்லைன் வகுப்பில் ஆறு மாதக் கட்டணம் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா? (வாசகி, திருவாரூர்)

கட்டாதீர்கள். முதலில் ஒரு மாதிரி வகுப்பு, அப்புறம் மாதாமாதம் அல்லது வகுப்புக்கு வகுப்பு கட்டணம். தள்ளுபடியில் மிச்சமாவதைவிட, பிடிக்காமல் நிறுத்தினால் போகும் தொகை பெரிது. ஆசிரியர் வெளிநாட்டில் இருந்தால் பணத்தைத் திரும்பப் பெறுவது இன்னும் சிரமம்.

மாதிரி வகுப்பில் ஒன்றை அவசியம் சோதியுங்கள்: உங்கள் காலோசை ஆசிரியருக்குக் கேட்கிறதா? ஜூம் போன்ற செயலிகள் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று அடக்கிவிடும். டேப் தட்டு அதற்கு இரைச்சல்தான். ஒலியை மாற்றாமல் அனுப்பும் அமைப்பு அந்தச் செயலியிலேயே உண்டு, அதை இயக்க வேண்டும். இதைத் தானாகவே முதல் வகுப்பில் சொல்லித் தரும் ஆசிரியர் ஆன்லைன் வகுப்பு நடத்தத் தெரிந்தவர். இணையத்தில் ஒலி தாமதித்து வருவதால் இருவரும் ஒரே தாளத்தில் சேர்ந்து ஆட முடியாது. அதற்காகப் பாடத்தைப் பதிவு செய்து தருவார்களா என்று கேளுங்கள்.

பாடத்திட்டத்தையும் கேளுங்கள். ஷிம் ஷாம் என்று ஒரு சின்ன நடனம் உண்டு. 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் லியோனார்ட் ரீட், வில்லி பிரையன்ட் என்ற இரு கறுப்பினக் கலைஞர்களால் உருவானது. இன்றும் உலகமெங்கும் டேப் ஆடுபவர்கள் ஒன்றுகூடினால் அதைச் சேர்ந்து ஆடுவார்கள். 'எத்தனை மாதத்தில் ஷிம் ஷாம் வரை கொண்டுபோவீர்கள்?' என்று கேட்டு வரும் பதிலை வைத்து வகுப்பை எடை போடலாம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய டேப் ஷூவில் மூன்றாவது வகுப்பிலேயே தகடு கழன்றுவிட்டது. 'டான்ஸ் ஷூவுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார் விற்பனையாளர். என்ன செய்யலாம்? (வாசகர், மயிலாடுதுறை)

முதலில் எப்படிக் கழன்றது என்று பாருங்கள். திருகாணி தளர்வது இந்த ஷூவில் சகஜம், ஸ்க்ரூடிரைவரால் இறுக்கினால் சரியாகிவிடும். அதைக் குறை என்று சொல்ல முடியாது. திருகாணி பிடிக்காத அளவுக்கு ஓட்டை பெரிதாகியிருந்தால், அல்லது சோலே பிய்ந்திருந்தால், அது தரக்குறைவு. அப்போது 'ரிட்டர்ன் கிடையாது' என்ற வாசகம் செல்லாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது.

படங்கள், பில், விற்பனையாளரின் பதில் மூன்றையும் சேர்த்து, நீங்கள் வாங்கிய இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், விற்பவர் டெல்லியில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வழக்குத் தொடுக்கக் கால வரம்பு 2 ஆண்டு.

கேள்வி: கடற்கரை ஓரம் வீடு. உப்புக்காற்றில் டேப் தகடு துருப்பிடிக்குமா? (வாசகி, நாகப்பட்டினம்)

அலுமினியத் தகடு துருப்பிடிக்காது. அதைப் பிடித்திருக்கும் இரும்புத் திருகாணி துருப்பிடிக்கும், பிடித்தால் கழற்ற வராது. ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் ஷூவோடு போட்டு வையுங்கள். எண்ணெய் மட்டும் தடவாதீர்கள், அடுத்த முறை பலகையில் வழுக்கிவிடும்.