பி.எட். படிக்க ஏன் வருகிறார்கள்? – கேள்வி பதில்

பி.எட். கல்லூரியில் பதினெட்டு வருடமாகக் கணிதம் கற்பித்தல் பாடம் எடுக்கிறேன். நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

மேடம், ஆசைப்பட்டுச் சேருகிறவர்கள் உண்டா?

முதல் நாளே, ஏன் வந்தீர்கள் என்று எழுதித் தரச் சொல்வேன். பிடித்த டீச்சரைப் பற்றிச் சிலர் எழுதுவார்கள். மற்றபடி அரசு வேலை, கல்யாணத்துக்கு முன் கையில் ஒரு படிப்பு, இதெல்லாம்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டின் முதல் பட்டதாரிப் பெண் பக்கத்திலிருந்து பார்த்த உத்தியோகமே டீச்சரும் நர்ஸும்தான்.

வீட்டுக் கட்டாயத்தில் சேர்ந்தேன். மனம் ஒட்டுமா?

ஒரு மாணவி "அப்பா சொன்னார்" என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தாள். 2015இல் பி.எட். இரண்டு வருடமானதிலிருந்து இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. அவளுக்குக் கற்பிக்கக் கிடைத்தது ஏழாம் வகுப்பு. ஒரு பையன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினான். தப்பு என்று கோடு போட்டுவிட்டு வந்தாள். அப்புறம் இரவெல்லாம் அதே யோசனை போல. மறுநாள் ஒரே நீளக் காகிதப் பட்டைகளை வெட்டி வந்து, ஒன்றைப் பாதியாகவும் இன்னொன்றை ஐந்தாகவும் மடிக்க வைத்தாள். அவன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "டீச்சர், என் விடை அரையைவிடச் சின்னதா இருக்கே!" என்றான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கே சிலிர்த்தது. அதற்குப் பிறகு அவள் எழுதிய ஒவ்வொரு பாடக் குறிப்பிலும், "பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள்" என்று அவளாகவே ஒரு பத்தி சேர்த்தாள். நான் கேட்கவே இல்லை.

அதனால் வந்த காரணத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பள்ளிப் பயிற்சியில் என்ன நடக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

பி.எட். முடித்துத் தொடக்கப் பள்ளிக்குப் போகலாமா?

முடியாது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்கத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். சின்னப் பிள்ளைகள்தான் பிடிக்கும் என்றால் அதில் சேருங்கள்.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸானால் அரசு வேலை நிச்சயமா?

இல்லை. 150 மதிப்பெண் தேர்வு அது, தகுதி மட்டும்தான் தரும். தமிழ்நாட்டில் அதற்குமேல் தனியாகப் போட்டித் தேர்வு உண்டு. வேலையை மட்டும் நம்பி வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் உடைந்துபோகிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

எனக்குப் பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் கட்டுவதற்கு முன், உங்கள் தெருவில் இருக்கும் பிள்ளைகள் நாலு பேரை மாலையில் உட்கார வைத்து ஒரு மாதம் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். சரி, அப்புறம் மறுபடி எழுதுங்கள், பேசலாம்.