9 லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரி இன்ஜின்: பிரித்து வேலை பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: என்னிடம் 2013 மாடல் டாடா 2518 பத்து சக்கர லாரி இருக்கிறது. கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜின். நானே ஓட்டுகிறேன். 9 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. இதுவரை இன்ஜினைப் பிரித்ததில்லை. இப்போது ஆயிரம் கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. நீலப் புகை வருகிறது, மேட்டில் இழுவை இல்லை. லைனர் மாற்றி முழு இன்ஜின் வேலை செய்ய ஒரு பட்டறையில் 2.6 லட்சம் கேட்கிறார்கள். பழைய இன்ஜினைக் கொடுத்துவிட்டு, புதுப்பித்த இன்ஜின் வாங்கினால் 4.8 லட்சம். பழைய லாரி உடைக்கும் இடத்தில் ஓடிய இன்ஜின் ஒன்று 1.7 லட்சத்துக்கு இருக்கிறது. எதைச் செய்வது?
– வாசகர், நாமக்கல்

பதில்: மூன்று விலைகளை எழுதியிருக்கிறீர்கள், ஓர் அளவைக்கூட எழுதவில்லை. புகையைப் பார்த்துச் சொல்லப்பட்ட விலையை நம்பி இரண்டரை லட்சத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

முதலில் டர்போவிலிருந்து (காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) இன்டர்கூலருக்கு (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கி நின்றால், நீலப் புகைக்கு டர்போவே காரணமாக இருக்கலாம். அந்தச் செலவு இன்ஜின் வேலையில் ஒரு சிறு பங்குதான். அது சரியாக இருந்தால் அடுத்தது காற்றுச் சோதனை. இன்ஜெக்டரைக் கழற்றி, பிஸ்டனை மேலே நிறுத்தி, அந்தத் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றைச் செலுத்த வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். சைலன்சரிலோ ஏர் ஃபில்டர் பக்கமோ சீறினால் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல். அரை நாள் வேலை இது. வால்வு மட்டும்தான் கோளாறு என்று தெரிந்தால், ஹெட் வேலையோடு முடிந்துவிடும்.

அடுத்து அந்த லைனர் விஷயம். இது எனக்கு உறுத்துகிறது. லைனர் என்பது சிலிண்டருக்குள் தனியாகச் செருகும் குழாய். உங்கள் இன்ஜினில் அதுவே கிடையாது. பிளாக்கிலேயே சிலிண்டரைக் குடைந்திருப்பார்கள். பிஸ்டன் நேராக அதில்தான் ஓடுகிறது. சிலிண்டரின் அளவு 102 மில்லிமீட்டர். தேய்ந்தால் 102.5 வரை கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அடுத்த முறை 103 வரை. அதற்கு மேலும் தேய்ந்தால்தான் ஸ்லீவ் அடிக்க, அதாவது குடைந்த சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்க, வேண்டிவரும். பிரித்துப் பார்க்கும் முன்பே லைனர் மாற்றலாம் என்று சொல்பவர், ஒன்று இந்த இன்ஜினை அறியாதவர். அல்லது இரண்டு முறை கடைய வாய்ப்புள்ள பிளாக்கில் எடுத்த எடுப்பிலேயே ஸ்லீவ் அடிக்க நினைப்பவர். எதுவென்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு பட்டறை பாருங்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் பட்டறைக்குப் பஞ்சமில்லை.

காற்றுச் சோதனையில் ரிங்தான் என்று தெரிந்தால் பிரித்துவிடுங்கள். பிரித்ததும் சிலிண்டரை மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். கிராங்க் ஷாஃப்டைக் கட்டாயம் விரிசல் சோதனைக்கு அனுப்புங்கள். கனெக்டிங் ராடு உட்காரும் இடத்தின் அளவு 69 மில்லிமீட்டர். தேய்ந்திருந்தால் கால் மில்லிமீட்டர் கடைந்து, அதற்கேற்ற பெயரிங் போடலாம். பிளாக்கில் விரிசல் இருந்தாலோ கிராங்க் பழுதாகியிருந்தாலோ மட்டும் இன்ஜின் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் என் முடிவு ஒன்றுதான்: பிரித்து வேலை பாருங்கள். ஒரு முறைகூடக் கடையாத பிளாக் உங்களிடம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே 103 வரை கடைந்த பிளாக்கை நீங்கள் வாங்கி வரக்கூடும். புதுப்பித்த இன்ஜின் விற்பவரிடம் போர் அளவும் கிராங்க் அளவும் என்ன என்று கேட்டால்தான் இது தெரியும்.

கணக்கும் இதையே சொல்கிறது. 4.8 லட்சம் ரூபாய் இன்ஜின் 6 லட்சம் கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 80 காசு என்று விற்பவர் காட்டுவார். ஆனால் உங்கள் லாரி அவ்வளவு ஓடுமா? எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். சேஸிஸ், கேபின், கியர்பாக்ஸ் எல்லாமே வயதானவை. இன்னும் நான்கு ஆண்டு, ஆண்டுக்கு 70,000 கிலோமீட்டர் என்று வைத்தால் 2.8 லட்சம் கிலோமீட்டர்தான். அப்போது புதுப்பித்த இன்ஜினுக்குக் கிலோமீட்டருக்கு 1.71 ரூபாய் ஆகிறது. பட்டறை வேலைக்கு 93 காசு. பட்டறையில் வண்டி கூடுதலாக நிற்கும் நாட்களின் வருமான இழப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வித்தியாசம் பெரியதுதான்.

1.7 லட்சம் ரூபாய் இன்ஜின் வேண்டாம். எந்த வண்டியில் எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. பிரித்து அளக்கவும் விட மாட்டார்கள். மேலும் இன்ஜின் எண் மாறினால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் திருத்த வேண்டும். வண்டி மீது கடன் இருந்தால் ஃபைனான்ஸ் தந்தவரின் ஒப்புதல் வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எதனால் தேய்ந்தது என்பதையும் பாருங்கள். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் ஹோஸில் சிறு வெடிப்பு போதும். புழுதி உள்ளே போய்ப் புது ரிங்கையும் தின்றுவிடும். ஒழுகும் இன்ஜெக்டர் நாசிலின் டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். ஆகவே டீசல் பம்பையும் நாசிலையும் அளவு பார்க்காமல் புது பிஸ்டனைப் பூட்டாதீர்கள். கழற்றிய பாகங்களைச் சாக்கில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் முதல் நடையிலேயே முழு லோடோடு தொப்பூர் மேட்டில் ஏற்றாதீர்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இன்ஜின் வேலை பார்த்த நான்கே மாதத்தில் என் லாரி மீண்டும் ஆயில் அடிக்கிறது. பட்டறைக்காரர் கைவிரித்துவிட்டார். லாரி வணிக வாகனம் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, திருச்செங்கோடு

பதில்: முழு உண்மை இல்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. ஒற்றை லாரியை வைத்துக் குடும்பம் நடத்துபவர் இதைச் சொல்லி வழக்குத் தொடுத்துப் பார்க்கலாம். பத்து லாரி வைத்திருப்பவருக்கு இந்த வாதம் எடுபடுவது கடினம். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசுங்கள்.

பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. துண்டுச் சீட்டுதான் என்றாலும் பத்திரப்படுத்துங்கள்; பணம் அனுப்பிய வங்கிப் பதிவையும் எடுத்து வையுங்கள். வேறு பட்டறையில் இன்ஜினைத் திறப்பதற்கு முன் பழைய பட்டறைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, அவர் முன்னிலையில் பிரிக்க நாள் குறியுங்கள். அவர் வராவிட்டால், அளவுகளை எழுதி வாங்கி, படமும் எடுத்து வையுங்கள். யாரும் அறியாமல் பிரித்துவிட்டால், கோளாறு அவர் வேலையால் வந்தது என்று காட்டுவது மிகவும் கடினமாகிவிடும்.