நாட்டுத் துப்பாக்கியில் எவ்வளவு தூரம் வரை குறி தப்பாமல் சுடலாம்?

குடியாத்தம், பலமநேர் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் 'எங்க தாத்தா துப்பாக்கி இருநூறு கஜம் அடிக்கும்' என்று யாராவது சொல்வார்கள். குண்டு அதற்கு மேலும் போகும்தான், ஆனால் நீங்கள் கேட்டது குறி தப்பாத தூரம். நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கிக்குப் பெரும்பாலும் உள்ளே வழுவழுப்பான குழல், அதில் ஒற்றை ஈயக் குண்டு போட்டால் 40, 50 மீட்டர், சின்ன ரவை போட்டால் 30 மீட்டரே அதிகம்.

வெளிநாட்டில் மான் வேட்டைக்கு எடுக்கும் பழைய ரைபிள் வேறு சாதி. குழலுக்குள் மரை வெட்டியிருக்கும், குண்டைத் துணியில் சுற்றி இறுக்கிப் போடுவார்கள், அது சுழன்றுகொண்டே போவதால் 100 கஜம் வரை நம்பலாம். அதற்கு மேல் ஏன் முடியாது? உருண்டைக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், 100 கஜத்துக்குள்ளேயே வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். குறி சரியாக இருந்தாலும் மிருகம் காயத்தோடு ஓடும், அது கொடுமை.

அப்புறம், கொல்லையில் பன்றி இறங்குகிறது என்று தாத்தா துப்பாக்கியைத் தூக்கிவிடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், வேட்டைக்கு 1972 வனவிலங்குச் சட்டம் தனி.