கரண்ட் போனதும் 0 பைட் ஆகும் கோப்பு

ஃபைல்சிஸ்டத்தில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) இருந்தும், புரோகிராம் எழுதிய கோப்பு கரண்ட் போய் வந்ததும் காலியாகக் கிடக்கிறதா? குளோஸ் செய்தால் கோப்பு டிஸ்க்குக்குப் போய்விடாது. குளோஸுக்கு முன் எஃப்சிங்க் (fsync: நினைவகத்தில் உள்ள கோப்பை டிஸ்க்கில் எழுதவைக்கும் அழைப்பு) கூப்பிடுங்கள், "ஜர்னல் இருந்தும் ஏன் காலி?" என்பதற்கு விடை அதுதான்.

லினக்ஸின் இஎக்ஸ்டி4 (ext4) ஃபைல்சிஸ்டம் வழக்கமான ஆர்டர்டு (ordered) முறையில் ஜர்னலில் எழுதுவது மெட்டாடேட்டாவை (கோப்பின் பெயர், அளவு போன்ற விவரங்களை) மட்டுமே. பெயரும் ஐநோடும் (கோப்பின் விவரக் குறிப்பு) 5 விநாடிக்கொரு முறை டிஸ்க்கில் கமிட் ஆகிவிடும். உள்ளடக்கமோ, டிஸ்க்கில் அதற்கான இடத்தை (பிளாக்) ஒதுக்குவதையே தள்ளிப்போடுவதால், அரை நிமிடம்கூட நினைவகத்தில் கிடக்கும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பெயர் மிஞ்சும், அளவு 0. ஃபைல்சிஸ்டம் கெடவில்லை, ஜர்னல் காப்பது அதைத்தான், உங்கள் டேட்டாவை அல்ல.

சோதிக்க: கோப்பை எழுதியதும் டெர்மினலில் சிங்க் (sync) கட்டளை கொடுத்து, அப்புறம் பிளக்கைப் பிடுங்குங்கள் (சோதனை மெஷினில் மட்டும்!). கோப்பு முழுசாக இருந்தால் காரணம் இதுவே.

கான்ஃபிக் கோப்பு என்றால் நேரடியாக மேலெழுத வேண்டாம்:

1. அதே டைரக்டரியில் தற்காலிகக் கோப்பில் எழுதி எஃப்சிங்க்.
2. பழைய பெயருக்கு ரீநேம்.
3. டைரக்டரிக்கும் ஓர் எஃப்சிங்க். பலர் விடுவது இதைத்தான்.

எஃப்சிங்க் திருப்பித் தரும் மதிப்பையும் பாருங்கள். மலிவான எஸ்டி கார்டு என்றால், எழுதாமலேயே "எழுதியாச்சு" என்று சொல்வதும் உண்டு. அதற்குக் கோடில் மருந்தில்லை.