எல்டிஎல் இறங்கியது, ட்ரைகிளிசரைடு ஏன் ஏறியது?

வணக்கம். உடல் பருமன் இருக்கிறது, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் கொலஸ்டிரமின் பவுடர் எடுத்ததில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) குறைந்தது, ஆனால் ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210-இலிருந்து 340 ஆகிவிட்டது, லேப் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். லேபைச் சந்தேகிக்கத் தேவையில்லை. இது அந்த மருந்துக்கு இருக்கும் தெரிந்த குணம்தான்.

கல்லீரல் கொலஸ்ட்ராலை வைத்துத்தான், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலத்தைத் தயாரிக்கிறது. குடலுக்கு வரும் அமிலத்தில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். பவுடர் அதைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. இழப்பை ஈடுகட்ட, கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. இதுவரை நல்லதுதான்.

ஆனால் திரும்பி வரும் பித்த அமிலம் வெறும் கழிவல்ல, சமிக்ஞையும்கூட. எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பி வழியாக, கல்லீரலின் கொழுப்பு உற்பத்தியை அது அடக்கி வைக்கிறது. வரத்து குறைந்தால் அந்தப் பிடி தளர்ந்து, ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் விஎல்டிஎல் துகள்கள் கல்லீரலிலிருந்து ரத்தத்துக்குக் கூடுதலாக வெளியேறும். பருமன் உள்ளவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பால் (உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பதில் தராத நிலை) இந்த உற்பத்தி பெரும்பாலும் ஏற்கெனவே அதிகம். அதனால்தான் இந்த ஏற்றம்.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி, ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை) போல வேறு வழி பொருந்துமா என்று கேளுங்கள். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டவிடக் கூடாது, கணைய அழற்சி ஆபத்து உண்டு. அப்புறம், மற்ற மாத்திரைகளைப் பவுடருக்கு 1 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ போடுங்கள். இல்லாவிட்டால் அவற்றையும் பவுடர் பிடித்துக்கொள்ளும்.